பழுப்பு நிலம் எங்கே இருக்கிறது?

சித்தப்பா மகன் ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் பக்கம் பழைய உப்பளம் ஒன்றை வாங்கி லாட்ஜ் கட்டப் பார்க்கிறான். மண் பரிசோதனை அறிக்கையின் தமிழாக்கத்தை என்னிடம் நீட்டினான். தலைப்பே ‘பழுப்பு நிலத்தின் நில நிலைமைகள் மதிப்பீடு’. “மண்ணு உப்புப் பூத்து வெள்ளையாத்தானே கெடக்கு, எங்கேண்ணே பழுப்பு?” என்றான். இந்தச் சொல் கண்ணில் படுவது எத்தனையாவது முறையோ, எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மூலம் ‘பிரவுன்ஃபீல்டு’. இதுவரை கட்டடம் காணாத இடத்தைக் குறிக்கும் ‘கிரீன்ஃபீல்டு’க்கு எதிர்ச்சொல். ஆலையோ பட்டறையோ நடந்து ஓய்ந்த இடத்தில் மறுபடி கட்டப் போகிறோம் என்று பொருள். அமெரிக்காவின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் நச்சுப்பொருள் ‘இருக்கிற, அல்லது இருக்கக்கூடிய’ சிக்கலையும் வரையறையில் சேர்க்கிறது. பிரிட்டனில் முன்பே கட்டடம் கண்ட நிலம் என்றாலே போதும். நிறம் வெறும் அடையாளம்.

அந்த அடையாளத்தை அப்படியே பெயர்த்ததுதான் கோளாறு. நம் மாவட்டத்தில் நிலத்துக்கு நிறத்தால் பெயர் சொன்னால் அது மண்ணின் வகை. கமுதிப் பக்கம் கரிசல் என்பார்கள். செவல் என்றால் செம்மண். இவற்றோடு ‘பழுப்பு நிலம்’ என்று ஒன்றைச் சேர்த்தால் மூன்றாவதாக ஒரு மண் என்றுதான் சம்சாரி நினைப்பான், அதில் என்ன விளையும் என்றும் கேட்பான். மண் பரிசோதனை அறிக்கையிலேயே மண்ணைப் பற்றித் தப்பாகச் சொல்கிற சொல் எதற்கு?

‘மாசுநிலம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது சோதிக்கும் முன்பே தீர்ப்பு. ‘கழிவு நிலம்’ குப்பைமேட்டை நினைவூட்டும். இந்தக் குடும்பத்தின் இன்னொரு பிள்ளை, ‘கிரீன்ஃபீல்டு’ஐ அப்படியே பெயர்த்த ‘பசுமை விமான நிலையம்’. பரந்தூரில் வயலும் ஏரியும் போகப்போகிற திட்டத்துக்கு நாளிதழ்கள் வைத்த பெயர். படிப்பவர் மரம் நடப்போகிறார்கள் என்று நினைத்தால் அவர்மேல் குற்றமில்லை. அகராதியைத் திறக்கிற மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தை ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

என் பரிந்துரை ‘புழங்கிய நிலம்’. புழங்கின பாத்திரம் என்றால் அழுக்குப் பாத்திரம் என்று அர்த்தமில்லை. ஆனாலும் கழுவாமல் அதில் உலை வைக்கமாட்டோம். ‘இருக்கக்கூடிய’ என்று அமெரிக்கச் சட்டம் சொல்லும் சந்தேகம் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘நில நிலைமைகள்’ என்ற அடுக்கும் வேண்டாம், ‘மண்ணின் நிலை’ போதும்.

புழங்கிய நிலம் என்று சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும்: என்ன புழங்கியது? உப்பளம் என்றால், உப்பு விளைவதற்கு முன்பே ஜிப்சம் படிந்திருக்கும். அதிலுள்ள சல்பேட் சிமெண்டைத் தின்னும், உப்பிலுள்ள குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். வாலிநோக்கத்தில் கப்பல் உடைத்த கரையென்றால் எண்ணெய், ஈயப் பெயிண்ட், கல்நார் எல்லாம் பார்க்க வேண்டும். பாத்தியைக் கொட்டு மண்ணால் மேடாக்கியிருந்தால் ஒரு மூலை மட்டும் அமுங்கிச் சுவர் வெடிக்கும். துளையிட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணினால் மண்ணின் இறுக்கம் தெரியும். உப்பு தெரியாது. அதற்கு மண்ணையும் ஊற்றுத் தண்ணீரையும் ஆய்வகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

தம்பி அறிக்கையில் ‘பழுப்பு’ என்பதை அடித்துவிட்டுக் கொத்தனாரிடம், “இது புழங்கின எடம்ணே” என்றான். அவருக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. “அப்ப கன்னிமண்ணு தட்டுற வரைக்கும் வாணம் தோண்டணும்” என்றார். யாரும் கிளறாத அடிமண் வரும்வரை அஸ்திவாரக் குழி தோண்டலாம். ஆனால் இத்தனை வருஷம் உப்புத்தண்ணீர் நின்ற இடத்தில் கன்னிமண்ணும் உப்புக் கரிக்கத்தான் செய்யும். ஆய்வக முடிவு வரும்வரை வாணம் தோண்டாதே என்று சொல்லியிருக்கிறேன்.