கைக்கு அடங்காத கம்பியும் வள்ளிமலைத் தேரும்

"என் மகளுக்கு 14 வயது. வெயிட் லிஃப்டிங் பயிற்சிக்குப் போகணும் என்கிறாள். உடம்பு ஆம்பளை மாதிரி முறுக்கிக்கும், வளர்த்தி நின்னுடும், பின்னால கர்ப்பப்பை இறங்கிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். உண்மையா?" வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கமும் சத்துவாச்சாரிக்காரர்தான். பையன் தூக்கினால் ஊருக்கே பெருமை என்று கொண்டாடும் இடத்தில், பெண் பிள்ளை கம்பியைத் தொட்டதும் இத்தனை பயம் எழுகிறது. வேலூர் மட்டும் இப்படி என்று சொல்ல முடியாது. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான பளுதூக்குதல் 1896-லேயே வந்துவிட்டது. பெண்களுக்கு 2000 சிட்னி வரை இடமில்லை. இடம் கிடைத்த அந்த முதல் ஆண்டிலேயே கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்.

முதல் பயத்துக்கு வருவோம். தசை பெருக்கத் தூண்டும் டெஸ்டோஸ்டிரோன், வயதுவந்த ஆணின் இரத்தத்தில் பெண்ணுக்கு இருப்பதைப் போலச் சுமார் 15 மடங்கு இருக்கும். ஆகவே அதே பயிற்சியில் பெண்ணுக்குத் தசை கூடினாலும் ஆணின் அளவுக்குப் பருக்காது. தவிர, இது எடைப் பிரிவு பார்த்து நடக்கும் விளையாட்டு. உடம்பு பெருத்தால் அடுத்த பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் (கம்பியை முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் முறை) தூக்கியது 115 கிலோ, அதாவது உடல் எடையைப் போல இரண்டேகால் மடங்குக்கும் மேல்.

தசை அவ்வளவு பெருக்காமல் பலம் மட்டும் எங்கிருந்து வருகிறது? இந்த விளையாட்டிலேயே அழகான பகுதி இதுதான்.

தசை தானாகச் சுருங்காது. தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு இயக்க நரம்பும் ஒரு கூட்டம் தசை இழைகளைக் கட்டி மேய்க்கிறது. கண்ணை அசைக்கும் தசையில் ஒரு நரம்புக்குப் பத்துப் பதினைந்து இழைகள்தான் இருக்கும். கெண்டைக்கால் தசையில் ஆயிரத்துக்கும் மேல். மூளை எப்போதும் சின்னக் கூட்டங்களை முதலில் எழுப்பும், பாரம் ஏற ஏறப் பெரிய கூட்டங்களைக் கூப்பிடும். பழக்கமில்லாத உடம்பில் பெரிய கூட்டங்களுக்குப் போகும் அழைப்பு தாமதமாகவும் விட்டுவிட்டும் போகிறது.

வேலூர் பக்கத்து வள்ளிமலை முருகன் கோயில் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடத்தைப் பிடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் நின்றாலும், ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. குரல் கொடுத்து அத்தனை பேரும் ஒரே நொடியில் இழுக்கும்போதுதான் சக்கரம் கிளம்பும். ஆள் ஒருவர்கூடக் கூடவில்லை. இன்னொன்றையும் பாருங்கள்: பின்னால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் கட்டையை எடுக்காவிட்டால் எவ்வளவு இழுத்தும் பயனில்லை. உடம்பிலும் முட்டுக்கட்டை உண்டு. முழங்காலை நீட்ட முன்தொடைத் தசை இழுக்கும்போது, பழகாத உடம்பு பயத்தில் பின்தொடைத் தசையையும் இறுக்கிவிடும். பாதி பலம் தனக்குத் தானே மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும்.

பயிற்சி தொடங்கிய முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் பெரும்பாலும் இதுதான் சரியாகிறது. பெரிய கூட்டங்கள் விழிக்கின்றன, நரம்பின் துடிப்பு வேகம் கூடுகிறது, முட்டுக்கட்டை உரிய நேரத்தில் விலகுகிறது. டேப் வைத்துத் தொடையை அளந்தால் வித்தியாசம் தெரியாது. தூக்கும் எடை மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி நடக்கும் வேலை இது.

இந்த ஒத்திசைவு எவ்வளவு நுணுக்கமாக வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. ஸ்நாட்ச்சில் (தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்கும் முறை) கம்பி நொடிக்கு 1.8 மீட்டர் வேகத்தில் மேலே போகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் உந்துதல் முடிந்தபின் அது மேலும் 16 செ.மீ. மட்டுமே ஏறும், அதற்கு ஆகும் நேரம் 0.18 நொடி. அந்த நேரத்தில் வீராங்கனை கம்பிக்கு அடியில் போக வேண்டும். வெறுமனே விழுந்தால் அவரும் அதே 16 செ.மீ. தான் இறங்குவார், போதாது. அதனால் மேலே போய்க்கொண்டிருக்கும் கம்பியையே பிடித்துத் தன்னைக் கீழே இழுத்துக்கொள்கிறார். பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதி இதுதான்.

வளர்த்தி நிற்குமா? கோச் பக்கத்தில் இருந்து முறையாகச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியால் உயரம் குறைந்ததற்குச் சான்று இல்லை. முதலில் வெறும் பைப்பு, பிறகு 5 கிலோ பயிற்சிக் கம்பி, முறை படிந்தபின் 15 கிலோ. இந்த வரிசையைத் தாண்டுகிற இடத்தில்தான் இடுப்பும் மணிக்கட்டும் அடிபடும்.

கர்ப்பப்பை விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அது இறங்குவதற்குப் பிரசவமும் வயதும் பெரிய காரணங்கள். நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், வருடக்கணக்கில் முறையில்லாமல் கனம் சுமப்பது ஆகியவையும் சேரும். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்குவதால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, இடுப்படித் தசையைக் கீழே தள்ளுகிறது. சில வீராங்கனைகளுக்கு அந்த நேரத்தில் சிறுநீர் கசியும். வெட்கப்பட்டு மறைக்கத் தேவையில்லை. சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையைச் சுருக்கி விடும் பயிற்சியை 10 முறை, நாளுக்கு 3 வேளை செய்யலாம். பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது இரத்தத்தை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கும் பெண் நான்காவது செட்டில் மூச்சு வாங்கினால், "பொம்பளைப் பிள்ளை தாங்காது" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். சேர்க்கும் முன் ஒரு பரிசோதனை, குறைவாக இருந்தால் டாக்டர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரை, சாப்பாட்டோடு டீ குடிக்காமல் இருப்பது, இவ்வளவுதான் வேண்டும்.

மேல்விஷாரம், வாணியம்பாடி பக்கமிருந்து உடையைப் பற்றியும் கேட்பதுண்டு. கை கால் மூடிய உடையைச் சர்வதேச பளுதூக்கும் கூட்டமைப்பு 2011-லேயே அனுமதித்துவிட்டது. குல்சூம் அப்துல்லா என்ற வீராங்கனை கேட்டதால் வந்த மாற்றம் அது. ஒரே நிபந்தனை, முழங்கையும் முழங்காலும் முழுதாக நீண்டதை நடுவர் பார்க்கும்படி உடை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். விதி இடம் கொடுத்த பிறகும் ஒரு பெண் உடைக்காக விளையாட்டை விடுகிறாள் என்றால், செய்தி அவளுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

கடைசியாகக் கம்பி. ஆண்களுக்கான கம்பி 20 கிலோ, 28 மில்லிமீட்டர் தடிமன். பெண்களுக்கானது 15 கிலோ, 25 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று தோன்றும். கட்டைவிரலைக் கம்பியோடு சேர்த்து வைத்து, அதன்மேல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் போட்டு அழுத்தும் ஹூக் கிரிப்தான் இதில் பிடி. தடித்த கம்பியில் சின்னக் கையின் விரல்கள் கட்டைவிரல் நகத்தை மட்டும் தொட்டு நின்றுவிடும். வேலூர் கோடையில் வியர்வையும் சேர்ந்தால் மேக்னீசியம் பவுடர் போட்டும் வழுக்கும். நழுவாமல் இருக்க அவள் முன்கையை இறுக்குவாள், முழங்கை முன்னதாகவே மடங்கும், வடம் தொய்ந்த தேர் மாதிரி காலின் பலம் கம்பிக்குப் போகாது. பார்ப்பவர்கள் "கையில் பலம் இல்லை" என்று முடிவு கட்டுவார்கள்.

ஆணுக்கென்று செய்த கம்பியால் பெண்ணை அளந்து தீர்ப்பு சொல்வது அநியாயம். விளையாட்டு அறிவியல் ஆய்வுகளிலும் ஆண்களை வைத்துச் செய்தவையே மிகுதி. பெண்களுக்கென்றே 1918-ல் மருத்துவப் பள்ளி தொடங்கி, 1947-ல்தான் ஆண் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட ஊர் வேலூர். நம் பெண் பிள்ளைகளை வைத்து இந்த ஆய்வுகளைச் செய்ய இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை, அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். அதுவரை, மகளைச் சேர்க்கப் போகும் தாய் ஒரு துண்டு நூலை எடுத்துப் போகலாம். கம்பியின் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். 8.8 செ.மீ. வந்தால் அது ஆண்களுக்கான கம்பி, 7.9 செ.மீ. வரும் கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள்.