லைஃப் எக்ஸ்பெக்டன்சி – சராசரி வாழ்நாள்

ஒருவர் சராசரியாக எத்தனை வருஷம் வாழ்வார் என்ற கணக்கே ‘லைஃப் எக்ஸ்பெக்டன்சி’. மும்பையில் மராத்தி நாளிதழைப் புரட்டினால் அது ‘ஆயுர்மான்’, இந்திச் செய்தியில் ‘ஜீவன் பிரத்யாஷா’. தாராவியிலும் மாட்டுங்காவிலும் தமிழில் படிப்பவர்கள் கண்ணில் படுவது ‘ஆயுள் எதிர்பார்ப்பு’. இதில் ‘எதிர்பார்ப்பு’தான் ஆளைக் குழப்புகிறது.

ஆங்கில ‘எக்ஸ்பெக்டன்சி’யின் இந்தப் பொருள் சூதாட்டக் கணக்கிலிருந்து வந்தது. பகடையில் ஒருவருக்குச் சராசரியாக வரக்கூடிய தொகையை, 1657இல் வெளிவந்த டச்சு அறிஞர் ஹைகன்ஸின் லத்தீன் நூல் ‘எக்ஸ்பெக்டாஷியோ’ என்றது. 1662இல் லண்டன் வணிகர் ஜான் கிரான்ட் அவ்வூர்ச் சாவுக் குறிப்புகளை வைத்து, எந்த வயது வரை எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று அட்டவணை போட்டார். 1669இல் ஹைகன்ஸும் தம்பியும் அதிலிருந்து சராசரி ஆயுளைக் கணக்கிட்டார்கள்.

ஐந்து குழந்தைகளில் ஒன்று பிறந்ததுமே இறக்கிறது, நான்கு பேர் 75 வரை வாழ்கிறார்கள் என்று வையுங்கள். 300ஐ 5ஆல் வகுத்தால் 60. ஆனால் 60 வயதில் யாருமே சாகவில்லை! இந்திய ஆண்களுக்கு 68.6 என்று படித்துவிட்டு, 60 வயதுக்காரருக்கு இன்னும் எட்டு வருஷம்தான் என்று நினைப்பது இதனால்தான் தப்பு. இளவயதுச் சாவுகளைத் தாண்டி வந்தவர் அவர். சராசரியாக அதைப்போல் இரு மடங்குக்கு மேலேயே மீதி இருக்கிறது.

தேர்ந்தெடுத்த இடங்களில் பிறப்பு இறப்பைப் பதியும் இந்திய மாதிரிப் பதிவுக் கணக்கில், பிறப்பிலிருந்து சராசரி ஆயுள் 1970–75இல் ஆணுக்கு 50.5, பெண்ணுக்கு 49.0. 2016–20இல் ஆணுக்கு 68.6, பெண்ணுக்கு 71.4. பின்தங்கியிருந்த பெண்கள் முந்திவிட்டார்கள். அரை நூற்றாண்டில் உடற்கூறு மாறிவிடாது. பிரசவம் ஆஸ்பத்திரிக்கு வந்தது, பேறுகாலங்கள் குறைந்தன, பெண்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் டாக்டரிடம் தூக்கிப் போகும் வழக்கம் கூடியது. எல்லாரும் சாப்பிட்ட மிச்சத்தில் வயிறு கழுவிய பெண்களின் ஆயுள்தான் 1970–75 கணக்கில் குறைந்து நின்றது. ஆண் பக்கம் குறைப்பவை வேறு: 2016–17 கணக்கெடுப்பில் புகையிலை பயன்படுத்தியோர் ஆண்களில் 42.4%, பெண்களில் 14.2%. லோக்கல் ரயிலில் தொங்கியும் தண்டவாளம் கடந்தும் சாகிறவர்களிலும் ஆண்களே மிகுதி.

‘ஆயுள்’ வடமொழி ‘ஆயுஸ்’ வழி வந்தது. ‘வாழ்நாள்’ குறளிலேயே (38) இருக்கிறது. வினைத்தொகை என்பதால் வாழ்ந்த, வாழ்கிற, வாழும் நாள் மூன்றும் அதில் அடங்கும். ஆகவே ‘சராசரி வாழ்நாள்’ என்பதே பொருத்தம். எந்த வயதிலிருந்து என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்: ‘பிறப்பில் சராசரி வாழ்நாள்’, ‘60இல் எஞ்சிய சராசரி வாழ்நாள்’. ‘சராசரி வயது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது இப்போது உயிரோடிருப்பவர்களின் வயதுச் சராசரி.