இரண்டாவது அடி

“எப்போ சிஸ்டர் கண்ணு முழிப்பான்?” தலைக்காய வார்டில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எனக்கு ஒரு டியூட்டிகூட முடிந்ததில்லை. நாள் குறித்துச் சொல்ல எங்களால் முடியாது. எதையெல்லாம் பார்த்துக் கணிக்கிறோம் என்று சொல்லலாம்.

வந்ததும் ஜிசிஎஸ் பார்ப்போம். நோயாளிக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்று பார்க்க, 1974-ல் கிளாஸ்கோ மருத்துவர்கள் வகுத்த ‘கிளாஸ்கோ கோமா ஸ்கேல்’ என்ற அளவு அது. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கையை அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவோம். 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம். டார்ச் அடித்தால் கண்மணி சுருங்குகிறதா, வயது என்ன, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரா என்பதும் முக்கியம். இதெல்லாம் யார் கையிலும் இல்லை.

நம் கையில் இருப்பது இரண்டாவது அடி. ரோட்டில் பட்டது பட்டதுதான். அதற்கப்புறம் ஆக்ஸிஜன் குறைந்தாலோ, பிரஷர் இறங்கினாலோ, தப்பிப் பிழைத்த மூளைச் செல்களும் செத்துப்போகும். கடுமையான தலைக்காயத்தில் மேல் பிரஷர் (120/80 என்பதில் முதல் எண்) ஒரே ஒரு தடவை 90-க்குக் கீழே போனாலே இறப்பு அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். “தலையில அடிபட்டவனுக்கு ஏன் வயித்துல ஸ்கேன்?” என்று கோபப்படாதீர்கள். உள்ளே எங்காவது ரத்தம் கசிந்து பிரஷர் இறங்கிவிடக் கூடாதே என்றுதான் தேடுகிறார்கள். பணத்தை நினைத்துத் தயங்கி நேரத்தை விட வேண்டாம். தமிழ்நாட்டில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் அரசுத் திட்டம் 2021 முதல் இருக்கிறது.

ஒரு கல்லூரிப் பையன். வென்டிலேட்டரிலிருந்து எடுத்த மறுநாள் லேசாகக் கண் திறந்தான். நான் பக்கத்துப் படுக்கைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன் அம்மா மூன்று ஸ்பூன் பால் கொடுத்துவிட்டார். “இருமாமக் குடிச்சுட்டான் சிஸ்டர்!” எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முழுசாகத் தெளியாதவருக்கு இருமல் வராமலே பால் நுரையீரலுக்குள் போய்விடும். அடுத்த நாள் ராத்திரி காய்ச்சல், நிமோனியா, மறுபடி வென்டிலேட்டர். பத்து நாள் போராட்டம்.

அந்த அம்மாவின் மேல் தப்பே இல்லை. மூக்குக் குழாய் எதற்கு என்று நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது முதல் நாளே வீட்டாரை உட்காரவைத்துக் குழாயைக் காட்டி, “பால் இது வழியாப் போகுது, பிள்ளை பசியா இல்ல” என்று சொல்கிறேன். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தியிருப்பதும், கழுத்தை நேராக வைப்பதும் மூளைக்குள் அழுத்தம் ஏறாமலிருக்கத்தான். பாவமாக இருக்கிறதே என்று தலையணையைச் செருகாதீர்கள்.

கண் திறந்தாலே தெளிந்துவிட்டார் என்று அர்த்தமில்லை. கோபப்படுவார், கேட்டதையே கேட்பார். நடப்பது எதுவும் நினைவில் தங்காத இந்தக் காலம் நீள நீள, தேறுவதும் தாமதமாகும். அதனால் வீட்டாரிடம் ஒரு நோட்டு வைக்கச் சொல்வேன். தினமும் காலையில், “நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட?” என்று கேட்டு, பதிலை எழுத வேண்டும்.

அந்தப் பையனின் அம்மா முதல் ரிவ்யூவுக்கு நோட்டோடு வந்தார். பக்கம் பக்கமாக “தெரியல”, “தெரியல”. 31-ம் நாளில் மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: “இட்லி. ரெண்டு.”