பருந்துகள் வரிசையில் வரும் மலை

ஒரு பெரிய காட்டில் எத்தனை பருந்துகள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்வது லேசான காரியம் இல்லை. ஒவ்வொரு ஜோடியும் தனக்கென்று ஓர் எல்லையைப் பிடித்துக்கொண்டு சிதறி வாழ்கிறது. கூடுகளோ உயர்ந்த மரங்களில், இலைகளுக்குள் மறைந்திருக்கும். இலையுதிர் காலம் வந்ததும் இந்த நிலைமை மாறிவிடுகிறது. எங்கெங்கோ இருந்த பறவைகள் தெற்கு நோக்கிக் கிளம்பி, குறிப்பிட்ட சில மலைகளை ஒட்டி வரிசையாக வருகின்றன. நாம் தேடி அலைய வேண்டாம், அவை வரும் வழியில் போய் உட்கார்ந்தால் போதும்.

ஏன் மலை என்றால், காற்றுதான் காரணம். பெரிய பறவை சிறகடித்தே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போனால் அதன் உடம்பில் உள்ள கொழுப்பெல்லாம் வழியிலேயே தீர்ந்துவிடும். அதனால் பருந்துகள் மேலே எழும் காற்றைத் தேடுகின்றன. நீண்ட மலைத்தொடர் மீது காற்று குறுக்காக மோதும்போது, போக வேறு வழியில்லாமல் சரிவில் ஏறி மேலே எழும்புகிறது. அந்த எழுச்சியில் சிறகை விரித்து வைத்தாலே போதும், பறவை மலை நெடுகச் சறுக்கிக்கொண்டே போகலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிட்டாட்டினி மலைத்தொடர் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. குளிர்காற்று முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, கடந்துபோன மறுநாள் வடமேற்குக் காற்று அதன்மீது நேராக மோதும். எண்ணுபவர்கள் காத்திருப்பது அப்படிப்பட்ட நாளுக்குத்தான். அன்று சில பறவைகள் நம் கண்மட்டத்துக்கும் கீழே போகும், முதுகின் நிறத்தைக்கூடப் பார்க்கலாம்.

இன்னொரு வகை எழுச்சி வெயிலால் வருவது. சூடான தரையிலிருந்து வெப்பக் காற்று தூண்போல எழும். ‘அகன்ற சிறகுப் பருந்து’ என்ற இனப் பறவைகள் நூற்றுக்கணக்கில் அதற்குள் நுழைந்து வட்டமிட்டபடியே உயரும். கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதுபோல இருப்பதால் ஆங்கிலத்தில் அந்தச் சுழலுக்கும் ‘கெட்டில்’ என்றே பெயர். பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத காட்சி அது. ஆனால் அதை எண்ண முடியாது. எண்ணிய பறவையே மறு வட்டத்தில் திரும்ப வரும்.

சரி, அப்புறம் எப்படித்தான் எண்ணுகிறார்கள்? அவசரப்படாமல் காத்திருக்கிறார்கள். காற்றுத்தூணின் வேகம் குறையும் உயரத்தை எட்டியதும் பறவைகள் வட்டமிடுவதை நிறுத்தி, சிறகைச் சற்று மடக்கி, அடுத்த தூணை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கத் தொடங்கும். கலைந்து கிடந்த மணிகளை யாரோ நூலில் கோத்து இழுப்பதுபோல அந்தச் சுழலிலிருந்து ஒரு கோடு பிரிந்து வரும். பைனாகுலரை ஓர் இடத்தில் அசையாமல் நிறுத்தி, அந்த இடத்தைத் தாண்டும் ஒவ்வொரு பறவைக்கும் கையில் உள்ள எண்ணும் கருவியை ஒருமுறை அழுத்துவார்கள். ஆயிரக்கணக்கில் வந்தால், பத்துப் பறவை எவ்வளவு நீளம் என்று முதலில் எண்ணிப் பார்த்துக்கொண்டு, பத்துப் பத்தாக அளந்து போவார்கள்.

மேகமே இல்லாத நீலவானம் அழகு என்று நினைப்போம். எண்ணுபவருக்கு அதுதான் சிரமம். வெறும் நீலத்தில் கண் நிலைகொள்ள ஒரு பிடிப்பும் இருக்காது. நண்பகலில் பருந்துகள் புள்ளியாகத் தேயும் உயரத்துக்குப் போய்விடும், தலைக்கு மேலேயே போனாலும் தெரியாது. வெள்ளை மேகம் பின்னால் இருந்தால் அதே புள்ளி பளிச்சென்று தெரியும்.

இனத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் உருவத்தையும் பறக்கும் முறையையும் வைத்துத்தான். கூரான சிறகு என்றால் வல்லூறு. குட்டையான சிறகு, நீண்ட வால், நாலைந்து அடி அடித்துவிட்டு ஒரு சறுக்கல் என்றால் வைரி இனம். அகன்ற சிறகும் குட்டை வாலும் பருந்துக்கு. காலண்டரும் உதவும்: பென்சில்வேனியாவில் ‘அகன்ற சிறகுப் பருந்து’ இனம் செப்டம்பர் நடுவில் குவியும், பொன்னிறக் கழுகு நவம்பரில் வரும்.

ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எண்ணிக்கையோடு காற்றின் திசை, வேகம், வெப்பம், மேகம் எல்லாம் பதிவாகும். ஒன்றுமே வராத மணி நேரத்துக்குச் சுழியம் எழுதியே ஆக வேண்டும். அந்தச் சுழியங்களை நான் மிகவும் மதிக்கிறேன். கிடைக்கும் தொகை உலகத்துப் பருந்துகளின் மொத்தக் கணக்கு அல்ல. பார்வைக்குத் தப்பியவை எத்தனையோ இருக்கும். ஆனால் அதே இடத்தில், அதே முறையில், ஆண்டுதோறும் எண்ணினால் ஓர் இனம் கூடுகிறதா, குறைகிறதா என்று தெரிந்துவிடும்.

இதற்கு மிகப் பெரிய சாட்சி அதே கிட்டாட்டினி தொடரில் உள்ள ஹாக் மவுண்டன். 1929-இல் பென்சில்வேனியா அரசு ஒருவகைப் பெரிய வைரியைச் சுட்டால் 5 டாலர் சன்மானம் தந்தது. வேட்டைக்காரர்களோ இந்த மலையில் நின்று, வந்த பறவையையெல்லாம் சுட்டுத் தள்ளினார்கள். ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி 1934-இல் மலையைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் பிரவுன் என்பவரைக் காவலுக்கு வைத்தார். காவல் காத்தபடியே அவர் எண்ணவும் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரில் மூன்று ஆண்டுகள் நின்றதைத் தவிர, அந்த எண்ணிக்கை இன்றுவரை தொடர்கிறது.

வெண்தலைக் கழுகின் குஞ்சுக்குத் தலை வெள்ளையாக இருக்காது. உடம்பு முழுக்கப் பழுப்பாக இருக்கும், தலை வெளுக்க ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும். அதனால் இளசு எது, முதிர்ந்தது எது என்று தூரத்திலிருந்தே பிரித்து எழுத முடிந்தது. 1935 முதல் 1939 வரை அங்கே கடந்த வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளசுகள். 1955 முதல் 1959 வரை அது 20 சதவீதமாகச் சரிந்தது. 1957-இல் 32 முதிர்ந்த கழுகுகளுக்கு ஒரே ஓர் இளசு. பெரியவை கண்ணுக்கு நன்றாகத் தெரிந்துகொண்டிருந்ததால், குஞ்சுகள் போதிய அளவில் பிறக்கவில்லை என்பதை இந்தப் பட்டியல்தான் காட்டிக்கொடுத்தது. அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூலில் இந்த எண்களை எடுத்துக்காட்டினார். டிடிடி பூச்சிமருந்து உணவுச் சங்கிலி வழியாகக் கழுகுகளின் உடலில் சேர்ந்து, முட்டையோட்டை மெலிதாக்கி உடையவைத்தது பின்னர் உறுதியானது. 1972-இல் அமெரிக்கா அதற்குத் தடை போட்டது. 2007-இல் வெண்தலைக் கழுகு அந்நாட்டின் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது. பழுப்புத் தலைகள் அந்த மலையைத் திரும்பவும் கடக்கின்றன.