உடன்போக்கு: ஓடும் காதலர்களுக்குத் தமிழில் என்ன பெயர்?

காதலர் இருவர். ஒரு கொள்ளை அல்லது கொலை. பின்னால் போலீஸ், முன்னால் முடிவில்லாத சாலை. இந்த வகைக் குற்றப் படத்தை ஆங்கிலத்தில் 'லவ்வர்ஸ் ஆன் தி ரன்' என்பார்கள். தமிழில் இதற்கென்று நிலைத்த பெயர் இல்லை. 'தப்பியோடும் காதலர்கள்' என்று ஒருவர் எழுதுகிறார், 'தலைமறைவு ஜோடி' என்று இன்னொருவர். அந்த இருவரும் ஆண்களாகவோ பெண்களாகவோ இருந்துவிட்டால் தடுமாற்றம் இன்னும் கூடுகிறது. அவர்கள் செய்த குற்றம் எது, அவர்களுடைய காதல் எது என்பதே வாசகருக்குப் பிரியாத அளவுக்குச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

முதலில் ஆங்கிலச் சொற்களைப் பார்த்துவிடலாம். 'த்ரில்' என்பதன் மூலப் பொருள் துளைத்தல். பழைய ஆங்கிலத்தில் துளையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. மூக்குத் துளையைச் சொல்லும் 'நாஸ்ட்ரில்' என்பதன் வால்பகுதியும் அதே வேர்தான். ஆக, த்ரில்லர் என்பது பார்ப்பவரைத் துளைத்துக்கொண்டு போவது. தமிழில் இதைத் 'திகில் படம்' என்று எழுதுவது வழக்கம், ஆனால் திகில் என்றால் பேய்ப் படமும் உள்ளே வந்துவிடும். 'மர்மப் படம்' என்றால் கொலையாளி யார் என்று கடைசிவரை தெரியக் கூடாது. இந்த வகையிலோ குற்றவாளிகள் யார் என்பது முதல் காட்சியிலிருந்தே தெரியும். த்ரில்லர் என்றே வைத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை, எல்லோருக்கும் புரிகிற சொல்.

'அவுட்லா' இன்னும் சுவையானது. ஸ்காண்டிநேவியாவில் பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். இன்று சட்டத்தை மீறுபவன் என்று புரிந்துகொள்கிறோம். இடைக்கால ஐரோப்பாவில் பொருள் வேறு: சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளப்பட்டவன். அவனை யாரும் கொல்லலாம், கேட்க ஆள் இல்லை. ஓநாய்க்கு என்ன நியாயமோ அதுதான் அவனுக்கும் என்று அந்தக் காலச் சட்ட மொழியே சொன்னது. அவன் சட்டத்தைக் கைவிட்டான் என்பதைவிட, சட்டம் அவனைக் கைவிட்டது என்பதுதான் சொல்லின் அடிப்பொருள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

ஹாலிவுட்டில் இந்த வகை 1930களிலேயே வந்துவிட்டது. போனி பார்க்கர், கிளைட் பாரோ என்ற நிஜக் கொள்ளைக்கார ஜோடியை லூசியானா மாநிலத்தில் போலீஸ் 1934 மே 23 அன்று சுட்டுக் கொன்றது. அதற்கு மூன்று வருடம் கழித்து ஃபிரிட்ஸ் லாங் எடுத்த படத்தில் தப்பியோடும் கணவன் மனைவி வந்தார்கள். 1967இல் ஆர்தர் பென் இயக்கத்தில் போனி, கிளைட் பெயரிலேயே வந்த படம்தான் வகையை உலகறியச் செய்தது. அந்தப் படத்தின் தொடக்க வரைவில் கிளைடுக்குப் பெண்ணோடு மட்டுமல்ல, கும்பலில் இருந்த ஆணோடும் உறவு இருந்தது. படமானபோது அது காணாமல் போனது.

காணாமல் போனதற்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கம் உண்டு. 1934 முதல் ஹாலிவுட்டில் கறாராக அமலான தயாரிப்பு நெறிமுறை, 'பாலியல் பிறழ்வு' என்று அது அழைத்ததைக் குறிப்பாகக் காட்டுவதைக்கூடத் தடை செய்தது. குற்றவாளி படத்துக்குள்ளேயே தண்டனை பெற வேண்டும் என்பதும் அதே நெறிமுறைதான். இரண்டு விதிகளும் சேர்ந்தபோது தன்பாலீர்ப்புள்ள பாத்திரம் வெளிப்படையாக வர வழியில்லை. வந்தால் மறைமுகமாக, பெரும்பாலும் கொலையாளியாக, முடிவில் அழிபவனாக வந்தது. 1968இல் அந்த நெறிமுறை போய்த் தரச்சான்று முறை வந்த பிறகும் பழக்கம் லேசில் விடவில்லை.

1992இல் கிரெக் அராகி 'தி லிவிங் எண்ட்' எடுத்தார். ஒருவன் சினிமா விமர்சகன், இன்னொருவன் ஊர் சுற்றி. இருவருக்கும் எச்.ஐ.வி. ஊர் சுற்றி ஒரு போலீஸ்காரரைக் கொன்றுவிட, இருவரும் காரில் கிளம்புகிறார்கள். இத்தகைய படங்களுக்கு விமர்சகர் பி. ரூபி ரிச் 'நியூ குவியர் சினிமா' என்ற பெயரைச் சூட்டியதும் அதே ஆண்டில்தான் (குவியர் என்பது தன்பாலீர்ப்புள்ளவர் உள்ளிட்டோரைக் குறிக்கும் பொதுச் சொல்). வழக்கமான படத்தில் போலீஸ்தான் துரத்தும். இங்கே நோயும், நோயைக் கண்டு முகம் திருப்பிய ஒரு நாடும் அதற்கு முன்பே துரத்தத் தொடங்கிவிட்டன.

அர்ஜென்டினாவின் மார்செலோ பிஞ்ஞேய்ரோ 2000இல் எடுத்த 'ப்ளாட்டா கெமாடா' (எரிந்த பணம் என்று பொருள்) இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு. 1965இல் புவனஸ் அயர்ஸ் அருகே நடந்த ஒரு கொள்ளையை வைத்து ரிக்கார்டோ பிக்லியா எழுதிய நாவல்தான் மூலம். கொள்ளையர்கள் உருகுவேயின் மொந்தேவிதேயோவுக்குத் தப்புகிறார்கள், அங்கே ஒரு அடுக்குமாடி வீட்டில் முற்றுகைக்கு உள்ளாகிறார்கள், கொள்ளையடித்த பணத்தையே எரிக்கிறார்கள். அந்தக் கும்பலில் இருக்கும் இரு காதலர்களுக்கும் மற்றவர்கள் வைத்த பெயர் 'இரட்டையர்'. அவர்கள் சகோதரர்களே அல்ல. காதலுக்குப் பெயர் சொல்ல முடியாத இடத்தில் உறவுமுறைப் பெயர் ஒன்று வந்து மூடிக்கொள்கிறது.

ஆண் பெண் ஜோடி குற்றம் செய்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. தன்பாலீர்ப்புள்ள ஜோடியின் கதையில் பெரும்பாலும் ஓட்டம் குற்றத்துக்கு முன்பே தொடங்கிவிடும். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் அவர்களுடைய உறவு குற்றம் இல்லை என்றானது 2003இல்தான். இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று. அதுவரை அவர்கள், சொல்லின் பழைய பொருளில், அவுட்லாக்கள். ஆகவே இந்த வகைக்குத் தமிழில் பெயர் வைப்பவர் காதலின் மேல் குற்றத்தின் சாயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, கையிலிருக்கும் தமிழ்ச் சொற்கள் என்னென்ன?

'ஓடிப்போனவர்கள்' இயல்பான பேச்சு வழக்கு. ஆனால் அதில் பழி ஒட்டியிருக்கிறது. அதன் உடன்பிறப்பான 'ஓடுகாலி' வசவு, அதுவும் பெரும்பாலும் பெண்ணை நோக்கி வீசப்படுவது. 'தலைமறைவு' போலீஸ் செய்தியின் சொல். ஓரிடத்தில் பதுங்கியிருப்பவனுக்குப் பொருந்தும், சாலையில் போய்க்கொண்டே இருப்பவனுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. தவிர, தலைமறைவு என்ற சொல்லில் 'உடன் இருப்பது யார்' என்ற கேள்விக்கே இடமில்லை.

'உடன்போக்கு' என்ற சொல்லின் முதல் பாதியே அதற்கான பதில்தான். வீட்டாருக்குத் தெரியாமல் காதலர் சேர்ந்து கிளம்பிப் போவது. தொல்காப்பியம் இதைக் 'கொண்டுதலைக் கழிதல்' என்கிறது. பாலைத் திணைக்குரிய துறை. ஐங்குறுநூற்றில் 'உடன்போக்கின்கண் இடைச்சுரத்து உரைத்த பத்து' என்று பத்துப் பாடல்கள் கொண்ட ஒரு பகுதியே இருக்கிறது. பாலை வழியில் வெயில், நீரில்லாத காடு, வழிப்பறி செய்யும் ஆறலைகள்வர், பின்னால் தேடி வரும் செவிலி. திரைக்கதை எழுதுபவர் வேண்டுவதெல்லாம் அங்கே கிடக்கிறது. ஒரு வித்தியாசம் என்னவென்றால், சங்கப் பாட்டில் காதலர் கள்வருக்கு அஞ்சிப் போகிறார்கள், சினிமாவில் காதலரே கள்வர்.

குறுந்தொகையின் 7ஆம் பாட்டு, பெரும்பதுமனார் பாடியது, வழியில் ஒரு ஜோடியைக் கண்டவர்கள் சொல்வது. அவன் காலில் கழல், அவள் காலில் சிலம்பு. மணமாவதற்கு முன் சிலம்பைக் கழற்றும் சடங்கு உண்டு, அது இன்னும் நடக்கவில்லை என்று புரிந்துவிடுகிறது. 'நல்லோர் யார்கொல் அளியர் தாமே' என்கிறார்கள். யாரோ நல்லவர்கள், பாவம். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தும், பழி சொல்லாமல் இரங்குகிற குரல் இது. ஓடும் காதலர்களைப் பற்றிய நல்ல படங்களில் கேமரா எடுக்கும் நிலையும் இதுவேதான் என்று எனக்குத் தோன்றும்.

எதிர்ப்பு வரும். உடன்போக்கை இலக்கணம் தலைவன், தலைவி என்றுதானே வகுத்தது? ஆமாம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சொல்லுக்குள் பால் இல்லை. உடன் என்றால் சேர்ந்து, போக்கு என்றால் போதல், அவ்வளவுதான். இன்னொரு எதிர்ப்பு இதைவிட வலுவானது: உடன்போக்கு மணத்தில் முடிவது. ஐங்குறுநூற்றில் அந்தப் பத்துக்கு அடுத்ததே 'மறுதரவுப் பத்து', போனவர்கள் ஊர் திரும்புவது. குற்றப் படத்தில் மறுதரவு அநேகமாகக் கிடையாது. சாலை முடிகிற இடத்தில் துப்பாக்கி நிற்கும். உண்மை. சொல் பயணத்துக்குத்தான், முடிவுக்கு உத்தரவாதம் தராது.

அடுத்து, அந்த இருவரை எப்படிச் சொல்வது? 'ஓரினச்சேர்க்கையாளர்' இன்னும் அச்சில் நடமாடுகிறது. 'சேர்க்கை' என்பது மனிதர்களை உடல் செயல் ஒன்றுக்குள் சுருக்கிவிடுகிறது. 'இனம்' அந்த இடத்தில் என்ன செய்கிறதென்றே தெரியவில்லை, எல்லோரும் மனித இனம்தானே. 'தன்பாலீர்ப்பு' துல்லியம்: தன் பாலின்மீது ஈர்ப்பு. 'குவியர்' என்பதற்குப் 'பால்புதுமையினர்' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. ஒருகாலத்தில் விசித்திரம் என்ற பொருளில் வசவாக இருந்த ஆங்கிலச் சொல்லுக்குப் 'புதுமை' என்று பெயர்த்தது கொஞ்சம் தாராளமான மொழிபெயர்ப்பு. இருக்கட்டும், நன்றாகவே இருக்கிறது.

இத்தகைய சொற்கள் அரசு ஏடு ஏறியதற்கும் ஓர் உடன்போக்குதான் காரணம். காதலித்த இரு பெண்கள் மதுரையிலிருந்து கிளம்பிச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் விசாரிக்க, இருவரும் பாதுகாப்புக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் பிறப்பித்த உத்தரவும் அதைத் தொடர்ந்து வந்தவையும், போலீசும் ஊடகமும் இவர்களை எந்தச் சொல்லால் குறிப்பிடுவது என்ற கேள்விவரை போயின. 2022இல் தமிழ்நாடு அரசு அதற்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

ஆக, விமர்சனம் எழுதுபவருக்கு என் பரிந்துரை: 'தன்பாலீர்ப்புக் காதலர்களின் உடன்போக்கைச் சொல்லும் குற்ற த்ரில்லர்'. நீளம் என்றால் 'உடன்போக்கு த்ரில்லர்' போதும். காதலர்கள் ஆண்களா பெண்களா என்பதைக் கதைச் சுருக்கத்தில் சொல்லிக்கொள்ளலாம், இரு ஆண்கள் என்று வகைப் பெயரிலேயே அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் காதலே இல்லாமல் கொள்ளைப் பங்காளிகள் இருவர் மட்டும் ஓடும் படத்துக்கு இந்தச் சொல்லை நீட்டாதீர்கள். அவர்களுக்குத் தலைமறைவே சரி.