கோயிலை ஒட்டிய பழைய வீட்டைப் பழுதுபார்க்கலாமா? 100 மீட்டர் விதி சொல்வது என்ன?

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில், திருமயம் கோட்டை மாதிரி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால், ஒரு செங்கல்லைக்கூடத் தொட முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அந்தப் பயத்திலேயே நல்ல நல்ல திண்ணை வீடுகள் ஒழுகி ஒழுகி வீணாகின்றன.

பழஞ்சின்னங்களைக் காக்கும் மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் 2010-இல் திருத்தப்பட்டது. அதன்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. கோபுரத்திலிருந்து அளக்கக் கூடாது. துறை அறிவித்த எல்லைக்கோட்டிலிருந்துதான் கணக்கு.

முதல் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கிடையாது. ஆனால் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடு என்றால், அனுமதி வாங்கிப் பழுதுபார்க்கலாம், புதுப்பிக்கலாம். நாட்டு ஓட்டை மாற்றுவது, கரையான் அரித்த உத்திரத்தை எடுத்துவிட்டு வேறு உத்திரம் வைப்பது, விரிசல் விட்ட சுவரைப் பூசுவது போன்ற வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'பழுதுபார்த்தல்' என்பதில் இடித்துவிட்டு மறுபடி கட்டுவது சேராது என்று சட்டமே சொல்கிறது. அதாவது, 100 மீட்டருக்குள் வீடு முழுதாக இடிந்து விழுந்தால், அதே இடத்தில் அதே அளவில் எழுப்பக்கூட வழியில்லை. ஓடு நகர்ந்து மழைத்தண்ணீர் சுவரில் இறங்கத் தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள், தயவுசெய்து. அடுத்த மழைக்காலம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த 200 மீட்டரில் புதிதாகக் கட்டவும் மறுபடி எழுப்பவும் விண்ணப்பிக்கலாம். பழுதுபார்க்கவும் அங்கே அனுமதி தேவை.

விண்ணப்பம், இதற்கென மத்திய அரசு குறித்த 'தகுதி வாய்ந்த அதிகாரி'யிடம் போகும், இணையத்திலும் அனுப்பலாம். அவர் 15 நாட்களுக்குள் அதைத் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் பரிந்துரை சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு மாதத்துக்குள் உங்களுக்குப் பதில் வர வேண்டும். வீடு 1992-க்கு முந்தையது என்று காட்டப் பழைய பத்திரம், வீட்டுவரி ரசீது, தெருவிலிருந்து எடுத்த படங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். அனுமதி இல்லாமல் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

இந்த விதி காப்பது கோயிலையும் கோட்டையையும்தான். எதிர்வரிசைத் திண்ணை வீட்டை உரிமையாளர் தாமே இடிக்க நினைத்தால், அதைத் தனியாகக் காக்கும் ஏற்பாடு இதில் இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. ஒவ்வொரு சின்னத்துக்கும் மரபுத் துணைவிதிகள், அதாவது அதைச் சுற்றியுள்ள பகுதிக்கான தனி விதிகள், வகுக்கச் சட்டம் சொல்கிறது. முகப்பு, உயரத் தோற்றம், சாக்கடை, மின்கம்பம் வரை அதில் வரும். உங்கள் ஊருக்கு வரைவு வெளியானால் படித்து, கருத்தை எழுதி அனுப்புங்கள்.

மாநிலத் தொல்லியல் துறையின் கீழ் உள்ள தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை போன்றவற்றுக்கு 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தனி. எந்தத் துறை என்பதை வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.