நிகழ்நேர இருப்பிடத் தரவில் எது வழக்கத்துக்கு மாறானது?

சரக்கு வண்டிகளின் இருப்பிடத்தைக் கண்காணிக்கும் மென்பொருளை உருவாக்குவது என் தொழில். தொடக்க காலத்தில் எங்கள் அமைப்பு எழுப்பிய ஓர் எச்சரிக்கையால், பாதையை விட்டு எங்கும் விலகாத ஓட்டுநர் ஒருவர் அரை நாள் விசாரணையில் நிற்க நேர்ந்தது. திரையில் அவருடைய வண்டி 30 நொடிகளில் 3 கிலோமீட்டர் தாவியிருந்தது. அது மணிக்கு 360 கிலோமீட்டர் வேகம் என்பதையும், எந்தச் சரக்கு வண்டியாலும் அது இயலாது என்பதையும் நாங்கள் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

நடந்தது இதுதான்: கைப்பேசி இணைப்பு இல்லாத பகுதியில் கருவி தன் பதிவுகளைச் சேமித்து வைத்து, இணைப்பு திரும்பியதும் மொத்தமாக அனுப்பியது, நாங்களோ அவற்றைப் பதிவான நேரத்தின்படி அடுக்காமல், வந்து சேர்ந்த நேரத்தின்படி அடுக்கினோம். கட்டடங்கள் நெருங்கிய இடங்களில் வேறொரு சிக்கல் உண்டு. சுவரில் பட்டுத் திரும்பும் ஜிபிஎஸ் சமிக்ஞை ஒரு மைக்ரோநொடி தாமதித்தாலே தூரக் கணக்கில் ஏறத்தாழ 300 மீட்டர் கூடிவிடும் என்பதால், நின்றிருக்கும் வண்டியும் நகர்வதுபோல் தோன்றலாம்.

இப்பிழைகளைக் களைந்த பிறகே 'வழக்கம்' என்ற சொல்லுக்குப் பொருள் வருகிறது. ஒவ்வொரு வண்டியையும் அதன் பழைய பயணங்களோடு, அதே வழித்தடத்தில், அதே பொழுதில் ஒப்பிட வேண்டும்; நள்ளிரவில் 40 நிமிடம் நிற்பது ஒரு வண்டிக்கு அன்றாட ஓய்வு, மற்றொன்றுக்கு ஆபத்தின் அறிகுறி. ஒப்பிடுவதற்குச் சராசரியைவிட இடைநிலை அளவை, அதாவது மதிப்புகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை, நான் விரும்புகிறேன், ஏனெனில் ஒரேயொரு பிழையான புள்ளி சராசரியை வெகுதூரம் இழுத்துவிடும்.

நான் மிகவும் அஞ்சுவது மௌனத்தை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் தரையை அடையும் சமிக்ஞை மிகவும் மெலிந்தது. அதைத் தடுக்கச் சிறிய கருவியே போதும். புள்ளிகளை மட்டும் ஆராயும் நிரல், புள்ளியே வராதபோது எதையும் கவனிக்காது. எனவே இருப்பிடம் கிடைக்காவிட்டாலும் 'இயங்குகிறேன்' என்ற குறுஞ்செய்தியைக் கருவி தொடர்ந்து அனுப்புமாறு அமைத்தோம்: அது வந்து இருப்பிடம் வராவிட்டால் கூரை, சுரங்கப்பாதை அல்லது சமிக்ஞைத் தடுப்பு; இரண்டும் நின்றால் மின்சாரமோ வலையமைப்போ துண்டிக்கப்பட்டிருக்கலாம்.

எங்கள் திரையில் இப்போது 'சந்தேகம்' என்ற சொல் கிடையாது. எந்தப் புள்ளி, எந்த நேரத்தில், எந்தச் சோதனையில் தவறியது என்பதை மட்டும் காட்டுகிறோம். அதைப் பார்ப்பவர் முதலில் ஓட்டுநரைத் தொலைபேசியில் அழைத்து, நலமாக இருக்கிறாரா என்று கேட்கிறார்.